புகையிலை வள்ளத்தில் வந்த டொக்டர்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், கால் மேலே தலை கீழே என்று நான் படுத்துக் கிடந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து உயர்த்தி வைத்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தன. மூன்றாவதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று டொக்டர் உள்ளே தையல் போட்டு, எட்டாம் மாதம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்தாலே போதும், சிங்கள நர்ஸ் வார்டின் அந்தக் கோடியிலிருந்து “நெகிட்டின்ன எப்பா!” என்று கத்துவார். எழும்பாதே என்று அர்த்தம். நான் எங்கே எழும்பினேன்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தொட்டில் ஆட்டிவிட்டு, சாயந்தரம் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்தால் என் வீட்டில் தொட்டில் கட்டக் கொக்கி மட்டும்தான் இருக்கும். அதற்கு மேல் அந்த வேதனையை விவரிக்க வேண்டியதில்லை. பெண்களுக்குப் புரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் பணக்காரி. என்னிடம் காதல் நாவல்கள் இருந்தன. இந்தியாவிலிருந்து வருகிற மாத நாவல்கள். ஹட்டன் பஜாரில் பழையது கிடைக்கும். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வரும்போது ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, மறு கையில் நாவல் கட்டு. நாவலில்லாமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும்.

காதல் நாவல் என்றால் மூக்கைச் சுளிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அதில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்களைவிட அதைக் கிண்டல் செய்தவர்கள் யாரும் இருக்க முடியாது. அந்த நாவல்களில் பாதிக்கு மேல் கதாநாயகன் ஒரு எஸ்டேட் முதலாளியாகத்தான் இருப்பான். மலை மேல் பங்களா, வெள்ளை நிறக் கார், எப்போது பார்த்தாலும் கோபம். கதாநாயகி செருப்புப் போட்ட காலோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடுவாள். ஒரு அட்டை கடிக்காது! நாங்கள் லயத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்போம். எஸ்டேட்டில் வேலை செய்கிற எங்களில் ஒருத்தி அந்தக் கதைகளில் வந்தால், தேத்தண்ணித் தட்டை நீட்டிவிட்டுப் போவதற்குத்தான் வருவாள். சிரிப்போம்தான். ஆனாலும் விடமாட்டோம். எவ்வளவு அடித்துக்கொண்டாலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்கிற அந்த நிச்சயம் இருக்கிறதே, அது எங்கள் வாழ்க்கையில் வேறு எதிலும் கிடையாது.

எங்கள் லயத்தில் நாவல் வாசிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகம் வந்தால் ஒருத்தி வாசித்து முடிக்கும் வரைக்கும் மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் புத்தகத்தை நாலு பங்காகக் கிழித்துவிடுவோம். முதல் பங்கு ஒருத்திக்கு, இரண்டாம் பங்கு இன்னொருத்திக்கு. பிறகு மாற்றி மாற்றி வாசிப்போம். கைக்கு அகப்பட்ட பங்கை வாசிப்பதால், கல்யாணத்தை முதலில் வாசித்துவிட்டு காதலைப் பிறகு வாசித்த ஆட்களும் உண்டு. கடைசிப் பங்கு எங்கேயாவது தொலைந்து போகும். அடுப்பு பற்ற வைத்துவிடுவார்கள், பிள்ளை கிழித்துவிடும். அப்போது அதை வாசித்தவள் மற்றவர்களுக்கு முடிவை வாயால் சொல்லித் தீர்க்க வேண்டும். அது எங்கள் லயத்துச் சட்டம். சும்மா ‘சேர்ந்துட்டாங்க’ என்று சொல்லித் தப்ப முடியாது. அவன் என்ன சொன்னான், இவள் என்ன சொன்னாள், என்ன சேலை என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், கல்யாணமாகி வெகு காலத்துக்குப் பிறகு தரித்த முதல் பிள்ளை. பிரஷர் ஏறி, காலெல்லாம் வீங்கி, அவரும் என்னைப் போல அசையக் கூடாது என்ற உத்தரவோடு வந்து சேர்ந்தார். யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்த காலம். தாய் அங்கே, மகள் இங்கே. அதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவார்.

என் தலையணைக்குக் கீழே இருந்த நாவலைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உமக்கு இதெல்லாம் அலுக்கேல்லையோ?”

“பசிக்கிறப்ப சோறு அலுக்குதா டீச்சர்?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான், சண்டை தொடங்கிவிட்டது. நல்ல சண்டை. விடிந்து பாண் துண்டும் தேத்தண்ணியும் வந்தவுடன் தொடங்குவோம், பகல் பார்வையாளர்கள் வரும் வரைக்கும் நடக்கும். முடிவு முதலிலேயே தெரிந்த கதையை எதற்கு வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்பார். முடிவு தெரியாத வாழ்க்கையைத்தான் தினமும் வாழ்கிறோமே, கதையிலாவது தெரியட்டும் என்று நான் சொல்வேன். நல்ல நாவல் என்றால் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. உங்கள் பெரிய எழுத்தாளர்கள் எழுதுகிற கதையில் முதல் முப்பது பக்கம் மழை பெய்யும், அடுத்த முப்பது பக்கம் ஒரு ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான், கடைசியில் யாராவது செத்துப் போவார்கள், அதற்குப் பெயர் இலக்கியமா என்பது என் கட்சி. எதிர்க்கட்டிலில் இருந்த சிங்களப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் நாங்கள் தொடங்கினால் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

ஒரு நாள் டீச்சர், “நீர் கடைசிப் பக்கத்தை முதல் பாத்திட்டோ வாசிக்கிறனீர்?” என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். “இப்ப அப்பிடித்தான் டீச்சர். ரெண்டு தடவ எனக்கு நடந்த பின்னால, புள்ள சாகிற கதை எதையும் என்னால வாசிக்க முடியல. பாத்துட்டுத்தான் தொடங்குவேன்.”

அன்றைக்கு அவர் அதற்குமேல் சண்டை பிடிக்கவில்லை.

அடுத்து வந்தது விடாத மழை. வட்டவளைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டது, மஸ்கெலியா பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. வீட்டுக்காரர் வரவில்லை, நாவலும் வரவில்லை. இருந்ததையெல்லாம் மனப்பாடமாகும் அளவுக்கு வாசித்தாயிற்று. சும்மா கிடந்தால் நினைப்பு வேறு எங்கேயும் போகாது, வயிற்றுக்குத்தான் போகும். அசைந்ததா, அசையவில்லையா, இது வலியா, வெறும் பயமா. டீச்சரிடம் பழுப்புத் தாளில் உறை போட்ட ஒரு நாவல் இருந்தது. ஊரைவிட்டு வந்தபோது கையில் எடுத்து வந்த புத்தகங்களில் அது ஒன்று. அதைத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கினார். அது எனக்குச் சரிவராது என்றார். சுவரைப் பார்க்கிற கதையென்றாலும் பரவாயில்லை, ஏதாவது தாருங்கள், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் கெஞ்சினேன்.

“நாளைக்குத் தாறன்,” என்றார்.

மறுநாள் தந்தார். முன்னட்டை இருந்தது, பின்னட்டையும் இருந்தது. நான் பழக்கத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே கதை முடியவில்லை, பாதி வசனத்தில் நின்றது. கடைசிப் பங்கு இல்லை. எனக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. எங்கள் லயத்தில் முழுப் புத்தகத்தைப் பார்த்தால்தான் ஆச்சரியம்! ஆனால் ஓரம் மட்டும் பிளேடால் வெட்டியது போல அவ்வளவு நேராக இருந்தது.

“உங்க ஊர்லயும் பங்கு போட்டுத்தான் வாசிப்பீங்களா டீச்சர்?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல், “ஓம்,” என்றார்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் பங்கு போடுவதைக்கூட எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார்கள் என்று நான் மெச்சிக்கொண்டேன். முடிவை நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும், அது சட்டம் என்றும் சொல்லி வைத்தேன். தலையாட்டினார்.

கதை ஒரு தீவில் நடந்தது. மீன்பிடிக்கிற குடும்பம். அப்பா, அம்மா, ஒரே ஒரு பையன். நான் சொன்னபடியே முதலில் மழைதான் பெய்தது. ஆனால் எப்படியோ அந்த மழைக்குள் நானும் போய்விட்டேன். அந்த அம்மா வாசல் கூட்டுகிறதையும் வலை காய்கிறதையும் எழுதியிருந்த விதத்தில், கடலையே பார்த்திராத எனக்கு உப்பு வாசம் அடித்தது. யாரும் யாரிடமும் காதல் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஆள் தன் மனைவிக்கு ஒரு நல்ல மீனை ஒளித்து வைக்கிற இடத்தில் எனக்கு அழுகை வந்தது. பாதிக்கு மேல் போனதும் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. கடலில் காற்று, தீவில் வைத்தியர் இல்லை. அப்பா தோணியை அவிழ்க்கிறார். அந்த இடத்தில் புத்தகம் நின்றுவிட்டது.

“டீச்சர், அந்தப் புள்ளைக்கு என்னா ஆச்சு?”

“காய்ச்சல் விட்டிட்டுது. சுகமாயிட்டான்.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் உயிர் வந்ததும் குணமும் வந்துவிட்டது. “அதெப்புடி டீச்சர் தானா விடும்? அவ்வளவு பக்கத்துக்குக் காய்ச்சல ஏத்திட்டு, சும்மா விட்டுருச்சுன்னு எழுதுவாங்களா? அந்த அப்பா தோணிய அவுத்தாரே, அவரு எங்க போனாரு?”

டீச்சர் விழித்தார். யோசித்து, புகையிலை ஏற்றிப்போகிற வள்ளம் ஒன்றில் ஒரு டொக்டர் வந்து சேர்ந்தார் என்றார்.

“டாக்டருக்குப் புகையில வள்ளத்துல என்னா வேல?”

“அவர்… ஆரையோ பாக்கப் போனவர்.”

“யார?”

“அது எழுதேல்லை.”

“எங்க மாச நாவல்ல இப்பிடி ஒரு டாக்டர் வந்தா நாங்க புத்தகத்தத் தூக்கி அடுப்புல போட்டுருவோம் டீச்சர். ஒங்க பெரிய எழுத்தாளருக்கு முடிக்கத் தெரியலையே!”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து இருவரையும் திட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் டீச்சர், நேற்றுச் சில இடங்கள் மறந்து போய்விட்டன, இப்போது ஞாபகம் வந்துவிட்டது என்று மறுபடியும் சொன்னார். அந்த டொக்டருக்குத் தண்ணீர் என்றால் பயமாம். வள்ளத்தை விட்டு இறங்கமாட்டேன் என்கிறாராம். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறாராம். இது கொஞ்சம் பரவாயில்லை என்றேன். வாசலில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டேன். விளக்கைப் பிடித்தபடி நின்றாள் என்றார். அவள் அழுதாளா என்று கேட்டேன்.

“அழேல்லை,” என்றார். “அவள் அழுற ஆள் இல்லை.”

பிறகு ஊசி போட்டதையும், வியர்த்ததையும், விடிந்ததையும் சொன்னார். பையன் கண்ணைத் திறந்து, “அம்மா, பசிக்குது,” என்று சொல்கிறான். அதோடு கதை முடிந்தது. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த வள்ளம் மட்டும்தான் எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

அதற்கு இரண்டொரு நாளில் டீச்சருக்குப் பிரஷர் மிகவும் ஏறி, அம்புலன்ஸில் கண்டிக்குக் கொண்டு போனார்கள். தள்ளுக்கட்டிலில் போகும்போது என் பக்கம் கையை நீட்டினார். எட்டவில்லை. நான்தான் எழும்ப முடியாதவளாயிற்றே. பிறகு அவருடைய கணவர் விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தார். ஒப்பரேஷன் செய்து பையன் பிறந்திருக்கிறான், தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னார். பழுப்புத் தாள் உறை போட்ட அந்தப் புத்தகத்தையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். அவர்களுக்கு இடமாற்றம் கிடைத்து வவுனியாவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி, தொடர்பு விட்டுப்போயிற்று.

எனக்கு நாள் ஆகுமுன்னே ஒரு மத்தியானம் வலி கண்டது. அதே வலி. இரண்டு தடவை அனுபவித்த எனக்கு அது தெரியாதா? நர்ஸ்மார் ஓடினார்கள், டொக்டர் வந்தார், ஊசி போட்டார்கள். இனி இருபத்துநாலு மணித்தியாலம் பார்க்க வேண்டும், எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அன்றைக்கு என் பக்கத்தில் என் வீட்டார் யாரும் இல்லை. சாமியைக் கும்பிட்டேன். சாமிக்குப் பிறகு எனக்குத் துணைக்கு வந்தது அந்தத் தீவுப் பையன்தான். ‘டொக்டர் இல்லாத தீவிலேயே அந்தப் பிள்ளை பிழைத்து எழும்பிச் சோறு கேட்டதே. டொக்டர் பக்கத்திலேயே நிற்கிற இடத்தில் என் பிள்ளை பிழைக்காதா?’ இதையே திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தேன். வலி அடங்கியது. மறுமாதம் மகள் பிறந்தாள். ஊரே கூடி எங்கள் வீட்டுக் கொக்கியில் தொட்டில் கட்டியது.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

பத்து வருடம் கழிந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க ஹட்டனுக்குப் போனபோது, பஸ் தரிப்பிடத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரத்து மண்டபத்தில் இலக்கியக் கூட்டம், ஒரு நாவலைப் பற்றிக் கலந்துரையாடல். நாவலின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தீவுப் பையனின் நாவல்! அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு நன்றியும் உண்டு, வழக்கும் உண்டு. இத்தனை வருடமும் லயத்தில், கோயிலில், சங்கக் கூட்டத்தில், யார் பெரிய எழுத்தாளர் என்று பேச்சை எடுத்தாலும் நான் இந்த நாவலைத்தான் இழுப்பேன். ‘அருமையான கதை, ஆனா முடிக்கத் தெரியல’ என்பேன். இப்போது படித்தவர்கள் கூடுகிற இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆசிரியர்கள், கல்விக் கந்தோர் உத்தியோகத்தர்கள், கடைக்கார முதலாளிமார், கொஞ்சம் இளைஞர்கள். பெண்கள் குறைவு. பேசினவர்கள் எல்லாரும் ஏதேதோ பெரிய வார்த்தை சொன்னார்கள். வாசகர்கள் பேசலாம் என்று தலைவர் அழைத்ததும் நான் எழும்பிவிட்டேன். காதல் நாவல் வாசிக்கிறவள் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டேன். அந்தத் தாயைப் போல ஒரு தாயை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு சொன்னேன்: “ஆனா அந்தப் புகையில வள்ளத்துல டாக்டர் வர்ற இடம் இருக்கே, அது சரியில்லைங்க. தண்ணிக்குப் பயந்த மனுசன் எதுக்கு அந்தக் காத்துல வள்ளத்துல ஏறுனாரு? அவரத் தோள்ல தூக்கிட்டு வர்றதெல்லாம் சினிமா. கடைசியில புள்ள பசிக்குதுன்னு கேக்குறதால மட்டுந்தான் எழுத்தாளர மன்னிச்சேன்.”

பின்னால் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். தலைவர் மரியாதையானவர். “அம்மா, நீங்க வேற புத்தகத்தச் சொல்றீங்க போல. இதுல டொக்டரே வரமாட்டாருங்களே. காத்துக்கு அப்பாவால தோணிய எடுக்கவே முடியாது. விடியும்போது பிள்ளை இறந்திடும்,” என்றார்.

முழு மண்டபமும் என்னையே பார்த்தது. முகம் கொதித்தது. மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்கம்மா.” எனக்கு உட்காரவும் தெரியவில்லை. இல்லை, நான் வாசித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசிக்கவில்லையே! கேட்டல்லவா தெரிந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கு அந்த நேரான ஓரம் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்குத் தாறன் என்று சொன்னது, என் முகத்தைப் பார்க்காமல் ஓம் என்று சொன்னது, எல்லாம் வந்தது. யாழ்ப்பாணத்தில் யாரும் புத்தகத்தைப் பங்கு போட்டுக் கிழிப்பதில்லை. ஊரையே விட்டு வந்தபோதும் விடாமல் தூக்கி வந்த புத்தகத்தை, நான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பேன் என்று தெரிந்து, அந்த மனுஷி எனக்காக அறுத்திருக்கிறார். நாவல் பொய் சொல்லக் கூடாது என்று என்னோடு சண்டை பிடித்தவர், தன்னுடைய பிரஷரோடு படுத்துக்கொண்டு, எனக்காகப் பொய்யை யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறார். நானோ அதிலும் குற்றம் கண்டுபிடித்து, திருத்தச் சொல்லியிருக்கிறேன்!

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் பின்னால் சிரித்த பையன் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். கூட்டம் கலைந்த பிறகு தலைவர் தன்னுடைய புத்தகத்தை என் கையில் தந்தார். கல்விக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவருக்கு டீச்சரைத் தெரிந்திருந்தது. வவுனியாவில்தான் இருக்கிறார் என்று தொலைபேசி எண்ணை விசாரித்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். பிள்ளை போய்விடுகிறது. விடிகிறது. அந்தத் தாய் அழவில்லை. எழும்பி விளக்குமாற்றை எடுத்து, தினமும் போல வாசலைக் கூட்டுகிறாள். பார்த்த சனங்கள் கல் நெஞ்சுக்காரி என்று பேசுகிறார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். என் இரண்டாவது பிள்ளை போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போய், தொட்டில் துணிகளையெல்லாம் எடுத்துத் துவைத்துக் காயப் போட்டேன். என்னையும் அப்படித்தான் பேசினார்கள். அதைப் பற்றி என் வீட்டுக்காரரிடம்கூட நான் வாய் திறந்ததில்லை. எனக்கு முகம் தெரியாத ஒருவர் அதை எப்படி எழுதினார்? இப்படிப்பட்ட கதையை எதற்கு எழுதுகிறார்கள் என்று வார்டில் கேட்டவள் நான். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வார்டில் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் நான் தாங்கியிருக்கமாட்டேன். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

சனிக்கிழமை மஸ்கெலியா பஜாரில் உள்ள கொமினிகேஷன் கடைக்குப் போய் வவுனியாவுக்குப் போன் எடுத்தேன். நான் இன்னார், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் வாயில் வேறு வந்துவிட்டது.

“டீச்சர், அந்தப் புள்ள செத்துப்போச்சாமே?”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“மஸ்கெலியாவோ?” என்று மெல்லக் கேட்டார்.

“ஆமாங்க டீச்சர்.”

“உம்மட பிள்ளை?”

கண்டிக்குப் போன பிறகு என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பத்து வருடமாகத் தெரியாது. அந்த நினைப்பே எனக்கு அதுவரைக்கும் வரவில்லை.

“இருக்கா டீச்சர். பொம்பளப் புள்ள. பக்கத்துலதான் நிக்கிறா, பசிக்குது பசிக்குதுன்னு உயிர எடுக்குறா.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு பழைய டீச்சர் குரல் வந்தது.

“அப்ப நான் சொன்ன முடிவுதான் சரி.”

காதல் நாவல் உசத்தியா, இலக்கியம் உசத்தியா என்று யார் கேட்டாலும் நான் இப்போது சண்டைக்குப் போவதில்லை. எனக்காக ஒரு மனுஷி நல்ல நாவல் ஒன்றை அறுத்து, மட்டமான முடிவு ஒன்றைத் தந்தார், இரண்டுமே எனக்கு வேண்டியிருந்தன என்று மட்டும் சொல்கிறேன்.